ஓய்ந்திருக்கும் எலியின் ஹிப்போகாம்பஸ் பதிவில் சிற்றலைகளைக் கண்டறிவது எப்படி

ஓர் எலி தன் ஓய்வுப் பெட்டியில் அசையாமல் படுத்திருக்கும்போது, நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியாகிய ஹிப்போகாம்பஸின் சிஏ1 என்னும் உட்பகுதியில் பதிக்கப்பட்ட மின்வாயில், ஏறத்தாழ 50 மில்லிவினாடி மட்டுமே நீடிக்கும் வேகமான அதிர்வு ஒன்று அவ்வப்போது தோன்றி மறையும். வினாடிக்கு 150 முதல் 200 முறை வரை அதிரும் இதைச் சிற்றலை என்றும், அதே கணத்தில் சற்று ஆழத்தில் தோன்றும் பெரிய மின்னழுத்தச் சரிவைக் கூரலை என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். ஆய்வகங்களில் இரண்டையும் சேர்த்து 'ஷார்ப் வேவ் ரிப்பிள்' என்றே பேசுவார்கள். பைத்தானிலோ மேட்லேபிலோ ஓரளவு பழக்கமும், கையில் ஒரு பதிவுக் கோப்பும் உள்ள மாணவர் இவற்றை நம்பத்தக்க முறையில் எடுத்துக் கணக்கிட என்னென்ன செய்ய வேண்டும் என்பதே இங்கு சொல்லப்படுவது.

இந்த அலைகளின் தோற்றத்தையும் அவற்றின் நினைவுத் தொடர்பையும் பற்றி ஜியோர்ஜி புஜாகி 1986-இல் எழுதிய கட்டுரையும், அவருடைய குழு 1992-இல் வெளியிட்ட 200 ஹெர்ட்ஸ் அதிர்வு பற்றிய ஆய்வும் இத்துறைக்கு அடித்தளம் இட்டன. 1994-இல் மாத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும், எலி ஓடியபோது ஒன்றாகச் சுடர்ந்த (மின் துடிப்பு வெளியிட்ட) இட நியூரான்கள், அதாவது எலி குறிப்பிட்ட ஓர் இடத்தில் இருக்கும்போது இயங்கும் நியூரான்கள், அதற்குப் பின் வந்த உறக்கத்திலும் ஒன்றாகச் சுடர்வதைக் காட்டினார்கள். 2009-இல் காப்ரியேல் ஜிரார்டோவும் உடன் பணியாற்றியோரும், பயிற்சிக்குப் பிந்தைய ஓய்வு நேரத்தில் சிற்றலைகளை மின் துடிப்பால் கலைத்தபோது எலிகள் எட்டுக் கை கொண்ட புதிர்ப்பாதையைக் கற்பதில் பின்தங்கியதைக் கண்டார்கள். இத்தனை கனமான முடிவுகள் சிற்றலைகளின் எண்ணிக்கையையும் நேரத்தையும் சார்ந்து நிற்பதால்தான், எண்ணும் முறையில் கவனம் தேவைப்படுகிறது. எண்ணுவதற்குப் பத்து வரி நிரல் போதும். அந்த எண்ணிக்கைக்குப் பொருள் உண்டா என்பது விலங்கு அப்போது எந்த நிலையில் இருந்தது என்பதைப் பொறுத்தது. ஆகவே நிலையை முதலில் பிரித்துவிட்டு, அதன் பிறகே சிற்றலையைத் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நடைமுறையில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எந்தப் பதிவை எடுத்துக்கொள்வது

சொந்தமாக எலி வளர்த்து, அறுவை செய்து, மின்வாயைப் பல நாட்களில் சிறிது சிறிதாக இறக்கிச் சிஏ1 அடுக்கை அடையும் வசதி எல்லோருக்கும் இருக்காது. பழகுவதற்கு அது தேவையுமில்லை. சிஆர்சிஎன்எஸ் என்னும் பொதுத் தரவுத் தளத்தில் கணக்குத் தொடங்கினால், புஜாகி ஆய்வகம் பகிர்ந்துள்ள எச்சி-3, எச்சி-11 ஆகிய தொகுப்புகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எச்சி-11 தொகுப்பில், எலி புதிய பாதையில் ஓடுவதற்கு முன்பான ஓய்வு, ஓட்டம், ஓட்டத்துக்குப் பின்பான ஓய்வு என மூன்று பகுதிகளும் தொடர்ச்சியாக இருப்பதால் நம் நோக்கத்துக்கு அது மிகவும் பொருந்தும்.

இவ்வகைக் கோப்புகளில் மெதுவான மின்புல அலைகள் வினாடிக்கு 1250 மாதிரிகள் என்ற வீதத்தில், ஒவ்வொரு மாதிரியும் 16 பிட் முழு எண்ணாக, எல்லாச் சேனல்களும் ஒன்றையடுத்து ஒன்றாகக் கோக்கப்பட்டு இருக்கும். 32 சேனல் கொண்ட ஒரு மணி நேரப் பதிவு 288 மெகாபைட் வரும் என்று கணக்கிட்டுக்கொண்டால், கோப்பு முழுமையாக இறங்கியதா என்பதை அளவைப் பார்த்தே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். சேனல் எண்ணிக்கையை உடன்வரும் எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து எடுக்க வேண்டும். அதில் ஒன்று தவறினாலும் ஒரு சேனலின் மாதிரியும் அடுத்த சேனலின் மாதிரியும் மாறி மாறிக் கலந்து, திரையில் வெறும் ரம்பப் பல் போன்ற கோடு தெரியும்.

1250 ஹெர்ட்ஸ் வீதத்தில் 150 ஹெர்ட்ஸ் அலை ஒன்றுக்கு எட்டு மாதிரிகள் கிடைக்கும், அது போதுமானது. 500 ஹெர்ட்ஸில் சேமித்த பதிவில் கொள்கையளவில் 250 ஹெர்ட்ஸ் வரை இருந்தாலும், சேமிப்பதற்கு முன் போட்ட வடிகட்டி மேல் பகுதியைத் தேய்த்திருக்கும். 250 ஹெர்ட்ஸில் சேமித்த பதிவில் 125 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இராது என்பதால் அதில் சிற்றலை தேடுவது வீண்.

சொந்தமாகப் பதிவு செய்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லலாம். புதிய பெட்டியில் விடப்பட்ட எலி உறங்காது. மூலை மூலையாக முகர்ந்துகொண்டிருக்கும், அல்லது அச்சத்தில் உறைந்து நிற்கும். பதிவு தொடங்கும் முன் பல நாட்கள் அதே பெட்டியில், அதே கம்பி இணைப்போடு பழக்கியிருக்க வேண்டும். எலி பெரும்பாலும் வெளிச்ச வேளையில் உறங்கும் விலங்கு என்பதால், ஓய்வுப் பதிவை விளக்கெரியும் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது. யூரித்தேன் போன்ற மயக்க மருந்தின் கீழ் கிடைக்கும் அலைகள் உறக்கத்தை ஒத்திருந்தாலும், அவற்றை இயல்பான ஓய்வு என்ற தலைப்பின் கீழ் சேர்க்கக் கூடாது.

வடிகட்டுவதற்கு முன் கண்ணால் பார்ப்பது

எந்த வடிகட்டியும் போடாமல், நியூரோஸ்கோப் போன்ற காட்சி மென்பொருளில் பதிவைத் திறந்து, முதலில் பத்து வினாடி அகலத்திலும் பிறகு ஒரு வினாடி அகலத்திலும் அரை மணி நேரமாவது நகர்த்திப் பார்க்க வேண்டும். எலி ஓடும்போது வினாடிக்கு ஏழெட்டு முறை எழுந்து விழும் தீட்டா அலை ஒழுங்காகத் தெரியும். எலி நின்றுவிட்டால் அந்த ஒழுங்கு குலைந்து, பெரியதும் சிறியதுமாய் ஒழுங்கற்ற ஏற்ற இறக்கம் வரும். விருப்பத்தோடு நகர்வதற்கும் தீட்டாவுக்கும், அசைவின்மைக்கும் ஒழுங்கற்ற அலைக்கும் உள்ள இந்தத் தொடர்பை 1969-இல் கேஸ் வாண்டர்வுல்ஃப் தெளிவாக எழுதியிருக்கிறார். அரை மணி நேரம் பார்த்தால் அதை நீங்களே கண்டுவிடலாம்.

அந்த ஒழுங்கற்ற பகுதிக்குள் 200 மில்லிவினாடி அகலத்தில் உருப்பெருக்கிப் பாருங்கள். சிஏ1-இன் முதன்மை நியூரான்களின் உடல்கள் நெருங்கியிருக்கும் பிரமிடு செல் அடுக்குக்குக் கீழே, அவற்றின் கிளைகள் பரவியிருக்கும் ஸ்ட்ராட்டம் ரேடியாட்டத்தில் உள்ள சேனலில், கோடு சட்டென்று கீழே சரிந்து 40 முதல் 100 மில்லிவினாடிக்குள் மீண்டு வருவது கூரலை. ஹிப்போகாம்பஸின் அண்டைப் பகுதியான சிஏ3-இன் நியூரான்கள் கூட்டமாகச் சுடர்ந்து சிஏ1-இன் கிளைகளைத் தாக்கும்போது உள்நோக்கிப் பாயும் மின்னோட்டமே அந்தச் சரிவு. அதே வேளையில், ஒரு மில்லிமீட்டரில் சில பங்கு மேலே, செல் அடுக்கில் உள்ள சேனலில், ஆறேழு மில்லிவினாடிக்கு ஒரு பல் வீதம் ஆறு முதல் பத்துப் பற்கள் வரிசையாகத் தெரியும். முதல் பல் சிறியதாகவும், நடுவில் உள்ளவை பெரியதாகவும், கடைசியில் தேய்ந்தும் இருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் நியூரான்களின் கூர்மையான துடிப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த உருவத்தைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

ஓய்வு நிலைகளைப் பிரித்தல்

எலியின் ஓய்வில் குறைந்தது மூன்று நிலைகள் உண்டு: விழித்துக்கொண்டே அசையாமல் இருப்பது, மெது அலை உறக்கம், விரைவு விழியசைவு உறக்கம். மனிதரைப் போல் இரவெல்லாம் ஒரே நீட்டில் எலி உறங்குவதில்லை. மெது அலையும் விரைவு விழியசைவும் சேர்ந்த ஒரு சுற்று பத்து நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும், இடையிடையே விழிப்பும் வரும். ஆகவே 'ஓய்வுப் பகுதி: ஒரு மணி நேரம்' என்று கோப்பில் எழுதியிருப்பதை அப்படியே ஒரே நிலையாக எடுத்துக்கொண்டால், மூன்று வெவ்வேறு பொருட்களின் சராசரியைத்தான் எடுக்கிறீர்கள். சிற்றலைகள் மெது அலை உறக்கத்தில் மிகுதியாகவும், அசையா விழிப்பில் அதற்கடுத்தும் வரும். விரைவு விழியசைவு உறக்கத்தில் வழக்கமாக வராது. ஒரு நாள் எலி அதிகம் உறங்கி மறுநாள் குறைவாக உறங்கினால், சிற்றலையின் வீதம் எதுவும் மாறாமலேயே மொத்த எண்ணிக்கை மாறிவிடும்.

பிரிப்பதற்கு மூன்று தகவல்கள் தேவை. முதலாவது, தலையில் உள்ள விளக்கை ஒளிப்படக் கருவி பின்தொடர்ந்து தரும் இருப்பிடத்திலிருந்து கணக்கிட்ட வேகம். மெல்லிய நடுக்கங்களை அகற்ற வேகத்தைச் சற்று மழுங்கச் செய்து, வினாடிக்கு 4 சென்டிமீட்டருக்குக் குறைவான நேரங்களை அசைவின்மை என்று எடுப்பது பல ஆய்வகங்களின் வழக்கம். ஆனால் உடலைத் தேய்த்து நக்கிக்கொள்ளும் எலியும், உணவை மெல்லும் எலியும் இடம் மாறுவதில்லை. வேகம் மட்டும் பார்த்தால் அவையும் ஓய்வாகிவிடும். அதனால் இரண்டாவதாகக் கழுத்துத் தசையின் மின் பதிவு வேண்டும். அது இல்லாத பழைய தொகுப்புகளில், ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள சில சேனல்களை 300 முதல் 600 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டி, அவற்றுக்கிடையிலான ஒப்புறவைக் கணக்கிடலாம். தசையிலிருந்து வரும் மின்சாரம் எல்லாச் சேனல்களையும் ஒன்றுபோல் தொடும் என்பதால், ஒப்புறவு உயர்ந்தால் தசை இயங்குகிறது என்று கொள்ளலாம்.

மூன்றாவது, தீட்டாவுக்கும் அதைவிட மெதுவான டெல்டா அலைக்கும் உள்ள ஆற்றல் விகிதம். சில வினாடி அகலமுள்ள சாளரங்களில் 5 முதல் 10 ஹெர்ட்ஸ் வரையான ஆற்றலை 1 முதல் 4 ஹெர்ட்ஸ் வரையான ஆற்றலால் வகுக்க வேண்டும். விகிதம் உயர்ந்து, தசை தளர்ந்து, உடலும் அசையாதிருந்தால் அது விரைவு விழியசைவு உறக்கம். விகிதம் தாழ்ந்து, தசையும் தளர்ந்து, பெருமூளைப் புறணியில் பெரிய மெது அலைகள் இருந்தால் மெது அலை உறக்கம். தசை விறைப்போடு தீட்டா இல்லாமல் இருப்பது அசையா விழிப்பு. விகிதத்தின் பரவலை வரைந்து பார்த்தால் பெரும்பாலும் இரண்டு மேடுகள் தெரியும்; அவற்றுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் எல்லையை வைப்பது, எங்கிருந்தோ எடுத்த ஓர் எண்ணை ஒட்டவைப்பதைவிட நேர்மையானது. பத்து வினாடிக்கும் குறைவான துண்டுகளை ஒதுக்கிவிடலாம்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. எலி விழித்தபடி அசையாமல் நிற்கும்போது, அதன் மூச்சின் தாளமே மூக்கின் வழியாக முகர்குமிழுக்கும் அங்கிருந்து ஹிப்போகாம்பஸுக்கும் சென்று, 1 முதல் 4 ஹெர்ட்ஸ் வரை ஓர் அலையை உண்டாக்கும். ஆற்றல் விகிதம் மட்டும் பார்க்கும் நிரல் அதை டெல்டா என்று எண்ணி, விழித்திருக்கும் எலியை உறங்குவதாக எழுதிவிடும். தசைப் பதிவு இதைத் தடுக்கும். மூச்சுக்கும் மூளை அலைக்கும் உள்ள இந்த உறவை 1942-இலேயே எட்கர் ஏட்ரியன் முள்ளெலியின் முகர்குமிழில் கண்டு எழுதியிருக்கிறார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மற்றது இதைவிட வஞ்சகமானது. லாங்-எவான்ஸ் உள்ளிட்ட சில எலி வகைகளில், அசையாமல் விழித்திருக்கும்போது பெருமூளைப் புறணியிலும் மூளையின் நடுவிலுள்ள தலாமஸிலும் 7 முதல் 9 ஹெர்ட்ஸ் வரையான, வீச்சு மிகுந்த, முள் முள்ளான அலைத்தொடர் திடீரென்று எழுந்து சில வினாடிகளில் அடங்கும். உயர் மின்னழுத்தக் கதிரலை என்று இதைச் சொல்வார்கள்; உணர்விழப்பு வலிப்பின் மாதிரியாகவும் இது ஆராயப்படுகிறது. அதிர்வெண் தீட்டாவின் எல்லைக்குள் விழுவதால், தானியங்கி நிரல் இதை விரைவு விழியசைவு உறக்கம் என்று எழுதக்கூடும். நிறமாலை வரைபடத்தில் தீட்டா ஒற்றைக் கோடாகவும், இது 8, 16, 24 என மடங்கு மடங்காகப் பல கோடுகளாகவும் தெரியும் என்பதை வைத்துப் பிரிக்கலாம். தீட்டாவிலும் இரண்டாம் மடங்கு மெல்லியதாகத் தெரிவதுண்டு. ஆனால் நான்கைந்து கோடுகள் அடுக்காக நின்றால் அது தீட்டா அன்று.

சேனலைத் தேர்ந்தெடுத்தல்

சிற்றலை ஒரு மெல்லிய அடுக்கின் நிகழ்ச்சி. பல சேனல் கொண்ட ஆய்வுக்கம்பி இருந்தால், ஓய்வுப் பகுதிகளில் மட்டும் ஒவ்வொரு சேனலின் 150 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையான ஆற்றலைக் கணக்கிட்டு, அது உச்சமாக உள்ள சேனலைச் செல் அடுக்கின் நடுவாகக் கொள்ளலாம். அதைச் சரிபார்க்க, கூரலையின் திசை உதவும்: செல் அடுக்குக்குக் கீழே அது எதிர்முகமாகவும், அடுக்கிலும் அதற்கு மேலும் நேர்முகமாகவும் இருக்கும். திசை மாறும் இடமும் ஆற்றல் உச்சமும் அருகருகே அமையாவிட்டால் சேனல் வரிசையைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

ஒப்பீட்டு மின்வாய் எது என்பதையும் பார்த்துவிட வேண்டும். சிறுமூளைக்கு மேல் உள்ள திருகு வழக்கமானது. சத்தத்தைக் குறைக்கிறேன் என்று எல்லாச் சேனல்களின் சராசரியைக் கழிப்பது சிலருக்குப் பழக்கம். பெரும்பாலான சேனல்கள் ஹிப்போகாம்பஸில் இருக்கும்போது அப்படிச் செய்தால், சிற்றலை தலைகீழாகப் புறணிச் சேனல்களிலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கண்டறியும் படிகள்

தேர்ந்த சேனலின் முழுப் பதிவையும் ஒரே வீச்சில் 150 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டுங்கள். ஓய்வுத் துண்டுகளை முதலில் வெட்டிப் பிறகு வடிகட்டினால், ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் பொய்யான அதிர்வு முளைக்கும். முன்னும் பின்னுமாக இருமுறை ஓடும் வடிகட்டியைப் பயன்படுத்தினால் அலையின் நேரம் நகராது. பைத்தானின் சைபை நூலகத்தில் உள்ள 'ஃபில்ட்ஃபில்ட்' கட்டளை இதைத்தான் செய்கிறது. கீழெல்லையை 100 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் 90 முதல் 140 ஹெர்ட்ஸ் வரையான வேக காமா எனப்படும் வேறொரு வகை அலையின் வெடிப்புகள் உள்ளே வந்துவிடும், ஆகவே தக்க காரணமின்றி இறக்க வேண்டாம். பிறகு ஹில்பர்ட் உருமாற்றத்தால் வீச்சின் உறையை எடுத்து, 4 மில்லிவினாடி அகலமுள்ள காஸ் வளைவால் மழுங்கச் செய்யுங்கள்.

அந்த உறை, சராசரியைவிடத் திட்ட விலக்கத்தின் மூன்று மடங்கு உயர்ந்து குறைந்தது 15 மில்லிவினாடி அங்கேயே நின்றால் அதை ஒரு நிகழ்வாகக் குறித்து, இரு பக்கமும் உறை சராசரிக்குத் திரும்பும் இடங்களைத் தொடக்கமாகவும் முடிவாகவும் எழுதலாம். அடுத்தடுத்த இரண்டு நிகழ்வுகளுக்கு இடையே சில பத்து மில்லிவினாடிகளே இருந்தால் இணைப்பதா பிரிப்பதா என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துவிட வேண்டும். நீண்ட பாதையில் ஓடிய எலிக்குச் சிற்றலைகள் இரட்டையாகவும் மும்மையாகவும் கோத்து வருவதுண்டு என்பதால், இந்த முடிவு நீளங்களின் பரவலை மாற்றும்.

சராசரியையும் திட்ட விலக்கத்தையும் எந்த நேரத்திலிருந்து எடுக்கிறீர்கள் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். முழுப் பதிவிலிருந்தும் எடுத்தால், ஓட்டத்தின்போது வந்த தசைச் சத்தம் விலக்கத்தைப் பெரிதாக்கி, எல்லையை உயர்த்தி, சிறிய சிற்றலைகளை விழுங்கிவிடும். ஓட்டத்துக்கு முந்தைய ஓய்வுக்கும் பிந்தைய ஓய்வுக்கும் தனித்தனியே எடுத்தாலோ, பிந்தையதில் சிற்றலைகள் பெருகியிருக்கும்போது அவையே விலக்கத்தைக் கூட்டி, தம்மை அளக்கும் கோலைத் தாமே நீட்டிவிடும். உண்மையில் இருந்த வேறுபாடு கணக்கில் குறைந்து காணப்படும். இரண்டையும் ஒப்பிடுவது நோக்கமானால், முந்தைய ஓய்வின் மெது அலை உறக்கத்திலிருந்து ஒரே எல்லையை எடுத்து இரண்டுக்கும் அதையே வைப்பதுதான் சரி. சராசரிக்குப் பதில் இடைநிலை அளவைக் கொண்டு கணக்கிட்டால், ஓரிரு பெரிய சத்தத் துடிப்புகள் எல்லையை அசைப்பதும் குறையும்.

கிடைத்ததை நம்புவதற்கு முன்

முதலில் வீதத்தைப் பாருங்கள். மெது அலை உறக்கத்தின் ஒரு வினாடிக்கு ஒன்றுக்கும் குறைவாகவே பெரும்பாலும் கிடைக்கும். மூன்று நான்கு என்று வந்தால் பிழை எங்கோ இருக்கிறது. அதன்பின், பதிவின் பல இடங்களிலிருந்து எழுந்தமானமாக இருநூறு நிகழ்வுகளை எடுத்து, வடிகட்டாத கோட்டையும் வடிகட்டிய கோட்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி, தவறு, ஐயம் எனக் குறியுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாத எண்ணிக்கையை ஆய்வேட்டில் எழுதுவதைவிட எழுதாமல் விடுவது மேல்.

தவறான நிகழ்வுகள் சில குறிப்பிட்ட வழிகளில் வருகின்றன. மின்வழங்கலின் இரைச்சல் அவற்றுள் ஒன்று. இந்தியாவிலும் இலங்கையிலும் ஐரோப்பாவிலும் அது 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதன் மடங்குகளான 150, 200, 250 ஆகியவை நேரே நம் எல்லைக்குள் விழும். அமெரிக்கப் பதிவில் 60 ஹெர்ட்ஸின் மடங்குகளான 180-உம் 240-உம் விழும். நிறமாலையில் ஊசி போல் நிற்கும் இந்த உச்சங்களைப் பார்த்தவுடன் அடையாளம் காணலாம், ஏனெனில் சிற்றலையின் உச்சம் அகன்ற மேடாக இருக்கும், ஊசியாக இராது. மற்றொன்று வடிகட்டியே உண்டாக்கும் போலி. ஒற்றைத் துடிப்பு ஒன்றை, கம்பி அசைந்ததால் வந்த தாவலாயினும் நியூரானின் பெரிய துடிப்பாயினும், 150 முதல் 250 ஹெர்ட்ஸ் வடிகட்டியில் செலுத்தினால், தட்டிய மணி அதிர்வதுபோல மூன்று நான்கு சுற்றுகள் அதிர்ந்து அடங்கும் அலை வெளிவரும். வடிகட்டிய கோட்டை மட்டும் பார்ப்பவருக்கு அது அழகிய சிற்றலையாகத் தோன்றும். வடிகட்டாத கோட்டில் பற்களை எண்ணினால் ஒன்றுதான் இருக்கும்.

மெல்லுதல், பல்லரைத்தல் போன்றவற்றின் தசைச் சத்தம் எல்லாச் சேனல்களிலும் ஒரே நேரத்தில் வரும். ஆகவே ஹிப்போகாம்பஸுக்கு வெளியே உள்ள ஒரு சேனலில் அதே நிரலை ஓட்டி, இரண்டிலும் ஒன்றாக வந்த நிகழ்வுகளை நீக்கிவிடலாம். செல் அடுக்கில் சிற்றலை தெரியும்போது ரேடியாட்டத்தில் கூரலையும் இருக்கிறதா என்று பார்ப்பது இதைவிட வலுவான சோதனை; இரண்டு சேனலும் கிடைக்கும்போது அதைக் கட்டாயமாக்கலாம். வலிப்பு நோய் மாதிரி எலிகளில் 250 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையான நோய்க்குரிய வேக அதிர்வுகளும், வலிப்புகளுக்கு இடையே தோன்றும் கூர்முனைகளும் உள்ளே புகக்கூடும் என்பதால், அவற்றுக்கு இந்த எல்லைகளை அப்படியே பயன்படுத்தக் கூடாது. இத்தகைய போலிகளை எப்படிப் பிரிப்பது என்பது பற்றி 2022-இல் இத்துறையின் பல ஆய்வகங்கள் கூடி ஓர் ஒத்த கருத்து அறிக்கையை வெளியிட்டன. முறைப் பகுதியை எழுதும் முன் அதைப் படித்துவிடுவது நல்லது.

செலவில்லாத சோதனை இன்னொன்றும் உண்டு. எலி தீட்டாவோடு ஓடிக்கொண்டிருக்கும் பகுதிகளில் அதே நிரலை, அதே எல்லையோடு ஓட்டுங்கள். அங்கே சிற்றலைகள் அரிதாகவே வரவேண்டும் என்பதால், நிமிடத்துக்கு எத்தனை கிடைக்கின்றனவோ அதையே உங்கள் நிரலின் பொய்க் கண்டறிதலுக்கு ஓர் உத்தேச அளவாகக் கொள்ளலாம். ஓட்டத்தில் தசைச் சத்தம் கூடுதல் என்பதால் இது சற்று மிகைப்பட்ட அளவாகத்தான் இருக்கும். மிகையாயிருப்பது இங்கே குற்றமில்லை.

புறணியின் அலைகளோடு பொருத்திப் பார்த்தல்

மெது அலை உறக்கத்தில் சிற்றலைகள் தனித்து வருவதில்லை. பெருமூளைப் புறணியின் மெது அலைகளோடும், தலாமஸின் வலையுருக் கருவில் பிறந்து 10 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை சுழலும் உறக்கக் கதிரலைகளோடும் அவை நேரத்தில் இணைந்திருக்கும். கதிரலைகளோடு உள்ள இணைப்பை 1998-இல் சியாபாஸும் வில்சனும் காட்டினார்கள். இதைப் பார்க்க விரும்பினால், சிற்றலையின் உச்சத்தைப் பூச்சியமாக வைத்து, அதற்கு முன்னும் பின்னும் இரண்டு வினாடி வரை கதிரலைகளும் டெல்டா அலைகளும் எப்போது வந்தன என்று எண்ணி வரைய வேண்டும். இரண்டும் ஒரே உறக்கத்தில் மிகுதியாக வருவதாலேயே ஓரளவு பொருத்தம் தற்செயலாகத் தெரியும் என்பதால், சிற்றலைகளின் நேரங்களைச் சில வினாடிகளுக்குள் எழுந்தமானமாக நகர்த்தி ஆயிரம் முறை அதே கணக்கைச் செய்து, உண்மையான வளைவு அந்தப் பரப்புக்கு வெளியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். புறணியின் ஆழ் அடுக்குகளில் நியூரான்கள் ஓய்ந்திருக்கும் கணம் நேர்முக அலையாகவும், மேற்பரப்பில் எதிர்முக அலையாகவும் தெரியும். எந்த அடுக்கிலிருந்து பதிவு செய்தோம் என்று குறித்துவைக்காவிட்டால் ஓய்வையும் சுடர்வையும் மாற்றிப் படித்துவிடுவோம்.

சிற்றலையைக் கண்டதாலேயே, ஓடிய பாதையின் வரிசை அங்கே மீண்டும் ஓட்டப்பட்டது என்று எழுதிவிட முடியாது. அதற்குத் தனித்தனி நியூரான்களின் துடிப்புகளும், அவை ஒவ்வொன்றும் சுடரும் இடங்களாகிய இடப்புலங்களும், வரிசையைச் சோதிக்கும் வேறு கணக்கும் தேவை. ஓட்டத்தின் முடிவில் விழிப்போடு நிற்கும் எலியில் அந்த வரிசை தலைகீழாக ஓடுவதையும் 2006-இல் டேவிட் ஃபாஸ்டரும் வில்சனும் கண்டார்கள். விழிப்பின் சிற்றலைகளையும் உறக்கத்தின் சிற்றலைகளையும் ஒரே குவியலாக்காமல் தனித்தனியே வைத்துக்கொள்ள இதுவே போதிய காரணம்.

முறைப் பகுதியில் வடிகட்டியின் எல்லைகள், அதன் வகை, திட்ட விலக்கம் எடுத்த நேரம், மடங்கு, குறைந்த நீளம், இணைக்கும் இடைவெளி, வேக எல்லை, ஒப்பீட்டு மின்வாய் ஆகிய அனைத்தையும் எழுதுங்கள். வீதத்தை அந்தந்த நிலையின் ஒரு வினாடிக்கு இத்தனை என்றே தர வேண்டும். பதிவுக்கு இத்தனை என்று தருவது பயன்படாது.

சுண்டெலிக்கு இந்த எல்லைகளைச் சிறு மாற்றத்தோடு வைத்துக்கொள்ளலாம். குரங்கிலும் மனிதரிலும் சிற்றலை இதைவிடத் தாழ்ந்த அதிர்வெண்ணில் வரும் என்பதால், மனிதப் பதிவுகளில் 80 ஹெர்ட்ஸை ஒட்டியே கீழெல்லை வைக்கிறார்கள்; அப்போது காமாவிலிருந்து பிரிப்பது இன்னும் கடினமாகிறது, கூரலைச் சோதனையும் கண்ணால் பார்ப்பதும் அங்கே கூடுதலாகத் தேவைப்படுகின்றன. தாடிப் பல்லி போன்ற ஊர்வனவற்றில் 2016-இல் கண்டறியப்பட்ட உறக்கத்தில், மெது அலை நிலையும் விரைவு விழியசைவை ஒத்த நிலையும் ஏறத்தாழ 80 வினாடிக்கு ஒருமுறை மாறி மாறி வருகின்றன. அங்கே பத்து வினாடித் துண்டு விதியும் எலியின் அதிர்வெண் எல்லைகளும் பொருந்தா, ஆகவே நிலை பிரிப்பதிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும்.